புகை நின்ற வண்டி

அந்த வட்டாரத்தில் காதுக்காரர் என்று சொன்னால் காது டாக்டர் என்று யாரும் நினைத்துக்கொள்ள மாட்டார்கள். பழைய கார்களுக்கு வைத்தியம் பார்க்கும் பட்டறைக்காரர் அவர். இன்ஜினை ஓடவிட்டு, நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அதன் மேல் வைத்து, மரப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். பிறகு கண்ணைத் திறந்து, "மூணாவது பேரிங் போயிடுச்சு" என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பேரிங் போயிருக்கும். கழற்றிப் பார்த்துச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு, கழற்றாமல் சொல்ல நான் ஒருத்தன்தான் என்பது அவருடைய பெருமை. பெருமை என்ன பெருமை, கொழுப்பு என்பாள் அவர் மனைவி. அவளுக்குத்தான் அவரிடம் அப்படிப் பேச உரிமை இருந்தது.

அந்த ஸ்க்ரூ டிரைவர் இப்போது பட்டறைச் சுவரில் தன் ஆணியில் தொங்குகிறது. போலீஸ்காரர்கள் பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தது. அவருடைய தம்பி பாலத்து ஏற்றத்தில் செத்துக் கிடந்தபோது அது அவன் பக்கத்தில் கிடந்ததாம்.

பல் டாக்டருடைய பழைய வெள்ளைக் கார் சோதனைக்கு வந்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லப்பட்டு, அவர் திங்கட்கிழமை எடுத்துக்கொள்வதற்காகப் பட்டறையில் நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை விடுமுறை. அண்ணன் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தம்பி யாரிடமும் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாலத்து ஏற்றத்தின் நடுவில் வண்டி இழுக்காமல் நின்றது. இறங்கி, பானெட்டைத் தூக்கிவிட்டுப் பக்கவாட்டில் நின்று குனிந்தவனை, பின்னால் வந்த லாரி காரோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனது. காரின் பின்பாதி அப்பளமாக நொறுங்கிவிட்டது. இன்ஜினுக்கு ஒரு கீறல் இல்லை. தம்பியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவன் மகளை விடவில்லை, துணியை விலக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அடுத்தவன் காரை எடுத்துக்கொண்டு ஜாலியாக ஊர் சுத்தப் போயிருக்கிறான் என்றார்கள். லாரி டிரைவர், "காதுல என்னமோ வச்சுக்கிட்டு குனிஞ்சிருந்தாரு. ஹார்ன் அடிச்சேன், திரும்பவே இல்ல" என்று சொல்லியிருந்தான். அப்படியானால் நடுரோட்டில் நின்று போன் பேசிக்கொண்டிருந்திருப்பான் என்றார்கள். போலீஸ் கேட்டபோது காதுக்காரர் அழுதுகொண்டே உண்மை என்று தான் நம்பியதைச் சொன்னார்: "இன்ஜினை நான் கேட்டேங்க. நல்லாத்தான் இருந்துச்சு." அந்த ஒரு வாக்கியத்தால் மிச்சமெல்லாம் முடிவாகிவிட்டது. நல்ல வண்டியைத் தம்பிதான் கண்மண் தெரியாமல் முறுக்கி ஓட்டிக் கெடுத்தான், கெடுத்ததற்கு உயிரைக் கொடுத்தான்.

நொறுங்கிய கார் இழுத்து வரப்பட்டுப் பட்டறையின் மூலையில் நின்றது. காதுக்காரர் அதைச் சுற்றிக்கொண்டு போவார், வருவார், தொடமாட்டார். கேட்பவர்களிடம் மனசு வரவில்லை என்றார். மனசு வராதது நிஜம். அதற்கு அடியில் ஒரு பயமும் இருந்தது, என்ன பயம் என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலையில் தம்பியின் மனைவி பட்டறைக்கு வந்தாள். வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் சொல்வார்கள். அதுவரை பட்டறைப் படியேறி வராதவள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தக் காருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"மாமா, இந்த வண்டிய எப்பத் திறக்கப் போறீங்க?"

அவர் அவள் வாயைப் பார்த்தார். "என்னம்மா?"

"இன்ஜின. எப்பத் திறக்கப் போறீங்க?"

"திறந்து என்னம்மா ஆகப் போகுது? போன உசுரு வந்துடுமா?"

"உசுரு வராது. பேரு வரும்ல?" என்றாள் சின்னவள். "நேத்து ஸ்கூல்ல ஒரு பொண்ணு பாப்பாகிட்ட கேட்டிருக்கா. உங்கப்பா திருடிட்டுப் போன கார்லதான செத்தாருன்னு. சாப்பிடாம படுத்துட்டா. நான் என்ன சொல்லட்டும் அவகிட்ட? நீங்க திறந்து பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க. வண்டியில கோளாறா, அவர்மேல தப்பான்னு. எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

இதற்கு மேல் தட்டிக் கழிக்க வழியில்லை. காதுக்காரர் ஸ்பேனர் பெட்டியை எடுத்தார்.

கார் பட்டறைக்கு வந்த நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பல் டாக்டர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். அவருடைய அப்பா ஓட்டிய கார் அது, சொந்தப் பிள்ளையைவிட அதற்குத்தான் அதிகம் செலவழித்திருப்பார். பல வருஷமாக அது நீலப் புகை விட்டுக்கொண்டிருந்தது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் தெருவே கண்ணைக் கசக்கும். வால்வுத் தண்டுகள் ஏறி இறங்கும் குழாய்கள் தேய்ந்து, மேலே இருக்கும் ஆயில் அவை வழியாகக் கீழே கசிந்து எரிவதால் வரும் புகை. காதுக்காரரே எத்தனையோ தடவை சொல்லியிருந்தார், டாக்டர்தான் அப்பா காலத்து இன்ஜினைப் பிரிக்க விடவில்லை.

"இப்பப் பாருங்க, புகையே இல்ல!" என்றார் டாக்டர். "புது ஆயில் ஊத்தினேன். விலை கூடின ஆயில். உள்ள இருக்கிற அழுக்கையெல்லாம் கழுவி எடுத்துடுமாம். ஊத்தி ஒரு மாசம்கூட ஆகல, புகை நின்னு போச்சு. திங்கட்கிழமை பேரப்பிள்ளைங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு மலைக்குப் போறேன். அதான், எதுக்கும் ஒரு தடவை உங்க காதுல போட்டுடலாம்னு வந்தேன்."

காதுக்காரர் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டார். கீழே, இன்ஜினின் அடிவயிற்றில், எல்லாம் ஒழுங்காக உருண்டுகொண்டிருந்தது. மேலே வைத்துக் கேட்டார். மேலே அமைதியாக இருந்தது. "பூனை மாதிரி இருக்கு டாக்டர்" என்றார்.

பக்கத்தில் நின்ற தம்பி மெதுவாக, "அண்ணே, மேல வால்வு டேப்பட் அடிக்கிற மாதிரி இருக்கே. டிக் டிக்னு" என்றான்.

கஸ்டமர் எதிரில் அவன் வாய் திறப்பது வழக்கமில்லை. காதுக்காரருக்குச் சுருக்கென்றது. "எனக்குக் கேக்காத சத்தம் உனக்குக் கேக்குதா? உன் காதுல வண்டு பூந்திருக்கும், போயி எடுத்துட்டு வா" என்றார். டாக்டர் சிரித்தார். பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவன் சிரித்தான். தம்பியும் சிரித்துவிட்டுப் போனான்.

இப்போது இன்ஜின் மேல்மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது அந்தச் சிரிப்பு காதுக்காரரின் கண்முன் நின்றது. மூடிக்கு அடியில் கார்க் பட்டை ஒட்டிக்கொண்டு வர மறுத்தது, கத்தியால் நெம்பினார். மூடி கையோடு வந்தது.

எந்த இன்ஜினிலும் அந்த மூடியைத் தூக்கினால் உள்ளே ஆயில் பளபளக்க வேண்டும். வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் வரிசையாக எண்ணெய்க் குளியல் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே துரு நிறத்தில் ஒரு தூள் மட்டும் இருந்தது. விரலால் தொட்டார், விரல் உலர்ந்தே வந்தது. ராக்கர்கள் சூடேறி நீலம் பாரித்திருந்தன.

அவர் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். கீழே ஆயில் நிறைய இருந்தது. மேலே வரவில்லை, அவ்வளவுதான்.

மேலே ஆயில் வருவதற்கு ஊசி போகிற அளவில் ஒரு துளைதான் உண்டு. ஒரு கம்பியை எடுத்து அதில் விட்டார். கம்பி தடுக்கியது. அழுத்தித் திருகி எடுத்தபோது நுனியில் கரி மெழுகு போலக் கறுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அப்பா காலத்திலிருந்து இன்ஜினுக்குள் படிந்து கிடந்த கசடு. சும்மா கிடந்ததைப் புது ஆயில் கழுவுகிறேன் என்று பெயர்த்து, கொண்டுபோய் அந்தத் துளையில் அடைத்திருக்கிறது. புகை ஏன் நின்றது என்பது காதுக்காரருக்கு அப்போது உறைத்தது. மேலே ஆயிலே போகாதபோது கசிய எது இருக்கிறது, எரிய எது இருக்கிறது? இருபது வருஷம் புகைத்த வண்டி ஒரு மாசத்தில் புகையை நிறுத்துகிறது என்றால் முதல் வேலையாக மூடியைத் திறந்திருக்க வேண்டும். கத்துக்குட்டிகூடத் திறந்திருப்பான். காதை நம்பிய மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்.

நான்கு சிலிண்டரில் இரண்டின் வால்வுகள் எண்ணெய் இல்லாமல் காய்ந்து, திறந்த நிலையிலேயே இறுகிப் போயிருந்தன. அவற்றைத் தள்ளும் புஷ் ராடுகள் வில்லாக வளைந்திருந்தன. மீதி இரண்டு சிலிண்டரை வைத்துக்கொண்டு சமதரையில் முக்கி முனகி ஓடலாம். பாலம் ஏற முடியாது.

அவர் ராக்கர்களைக் கழற்றி, அவை கோத்திருந்த தண்டை வெளியே எடுத்தார். கட்டை விரல் நகத்தை அதன் மேல் ஓட்டினார். ஒவ்வொரு ராக்கர் உட்கார்ந்திருந்த இடத்திலும் நகம் பள்ளத்தில் விழுந்தது. மறுபடி ஒரு தடவை நகத்தை ஓட்டிப் பார்த்தார். இது ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேய்மானம் இல்லை. பட்டறைக்கு வருவதற்கு வெகு முன்பே தொடங்கியிருக்கிறது. இவ்வளவு பள்ளத்தோடு ஓடின இன்ஜின் டைப் மெஷின் போல அடித்திருக்கும். எதிர் வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

தம்பிக்குக் கேட்டிருக்கிறது. டாக்டருக்குப் புகை நின்ற குஷியில் எதுவும் காதில் ஏறவில்லை. இவருக்கு?

வீட்டில் குக்கர் விசில் வருவதே இல்லை என்று போன வருஷம் புதுக் குக்கர் வாங்க வைத்தவர் அவர். மனைவி முணுமுணுத்துப் பேசுகிறாள் என்று சண்டை பிடித்தவர். அவள் சலித்துப்போய், "செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரிதான்" என்று தலையில் அடித்துக்கொண்டபோது, கேலி பண்ணுகிறாள் என்று தானும் சிரித்துவைத்தவர். காலமெல்லாம் கிரைண்டரும் சுத்தியலும் தின்ற காது. தடித்த சத்தமெல்லாம் இன்னும் விழுந்துகொண்டிருந்ததால், கூரான சத்தங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதை அவர் கவனிக்கவில்லை. கவனிக்க விரும்பவில்லை என்பதே சரி. ஊர் வைத்த பேரே காதுக்காரர். காது போச்சு என்றால் அந்தப் பேரை எங்கே கொண்டு வைப்பது?

"என்ன மாமா தெரியுது?" என்று சின்னவள் கேட்டிருக்க வேண்டும். அவர் குனிந்திருந்ததால் தெரியவில்லை.

நிமிர்ந்தபோது வாசலில் பல் டாக்டர் நின்றிருந்தார். தெருக்கோடியில்தான் அவருடைய ஆஸ்பத்திரி. போகிற வழியில் கார் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். சின்னவளைப் பார்த்ததும் அவர் முகம் சங்கடப்பட்டது. நல்ல மனுஷன்தான், யார் மனசையும் நோகடிக்கத் தெரியாதவர். ஆனாலும் அப்பாவின் கார்.

"திறந்துட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். "உள்ள எப்படி இருக்கு? ஓவரா முறுக்கினதால போனதுதானே?"

பதில் சொல்ல வேண்டிய வாய் காதுக்காரருடையது. கையில் அந்தத் தண்டு இருந்தது, அழுக்குத் துணியால் அதை மூடிக்கொண்டார். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து வந்தது வேறு.

"ஆமா டாக்டர். ஏத்தத்துல முறுக்கியிருக்கான்."

டாக்டர் தலையை ஆட்டினார். "பாவம். சின்ன வயசு. விடுங்க, இனிமே அதைப் பத்திப் பேசி என்ன" என்று சொல்லிவிட்டு, சின்னவளைப் பார்த்துக் கை கூப்பிவிட்டுப் போனார்.

சின்னவள் ஸ்டூலை விட்டு எழுந்தாள். அழவில்லை. காருக்குப் பக்கத்தில் வந்து, அவருக்கு நேர் எதிரே, முகத்துக்கு முகம் நின்றுகொண்டாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது, அவரிடம் அப்படி நின்றுதான் பேச வேண்டும் என்று?

"உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு அவருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன் மாமா. நீங்களா சொல்லிடுவீங்கன்னு நம்பித்தான் இவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்."

"என்னம்மா சொல்ற?"

"சனிக்கிழமை சாப்பிடும்போது சொன்னாரு. அண்ணனுக்குக் கூரான சத்தமெல்லாம் கேக்கல, ரொம்ப நாளாவே கேக்கல, நான்தான் அவர் சொல்லி அனுப்பின வண்டியையெல்லாம் பின்னாடியே போயி சரி பண்ணிக் கொடுத்துட்டு வர்றேன்னு. உங்களுக்கு அது தெரியவே கூடாதுன்னாரு. தெரிஞ்சா அண்ணன் ஒடிஞ்சு போயிடுவாருன்னாரு."

காதுக்காரர் பக்கத்திலிருந்த மட்கார்டைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வண்டிய பட்டறையில திறந்தா கார்க் புதுசா மாத்தணும், அண்ணன் கண்டுபிடிச்சுடுவாரு. திங்கட்கிழமை டாக்டர் குழந்தைங்கள ஏத்திக்கிட்டு மலைக்குப் போறாரு, அதுக்குள்ள ஏதாச்சும் செய்யணும்னு தவிச்சாரு. கடைசியில ஒரு யோசனை சொன்னாரு. வெளிய எடுத்துட்டுப் போயி, இன்ஜின் படுத்துப் போற வரைக்கும் ஓட்டிட்டு, நான்தான் திருட்டுத்தனமா எடுத்துட்டுப் போயி கெடுத்துட்டேன்னு சொல்லிடறேன். அண்ணன் நாலு அடி அடிச்சா வாங்கிக்கறேன். அவர் பேரு நிக்கும்னாரு." அவள் மூச்சு விட்டாள். "அதேதான் நடந்துச்சு. அவர் நினைச்சபடியே எல்லாரும் பேசுறாங்க. நீங்களும் இப்ப பேசிட்டீங்க."

ஆணியில் தொங்கிய ஸ்க்ரூ டிரைவரைக் காதுக்காரர் பார்த்தார். பாலத்தின் நடுவில், திணறிக்கொண்டிருந்த இன்ஜின் மேல் குனிந்து, இதன் பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு தம்பி நின்றிருக்கிறான். கண்ணையும் மூடியிருப்பான். அவரிடம் பார்த்துப் பழகியதுதானே. அதனால்தான் ஹார்ன் கேட்கவில்லை. வாய்விட்டு அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அழுகை வரவில்லை.

"எப்படி இருந்துச்சாம் அந்தச் சத்தம்?" என்று கேட்டார். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

சின்னவள் கழற்றி வைத்திருந்த மூடியின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தாள். "சாப்பாட்டுத் தட்டுல தட்டிக் காட்டினாரு. இப்படி."

அவளுடைய நகம் தகரத்தின் மேல் ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. காதுக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை அருகில் கொண்டுபோனார், ஒரு பக்கமாகத் திருப்பினார், பிறகு மறுபக்கமாகத் திருப்பினார். நகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

"கேக்குதா மாமா?"

"கேக்கலம்மா" என்றார்.

அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தண்டையும் வளைந்த புஷ் ராடுகளையும் அழுக்குத் துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர் தெருவில் இறங்கினார். சின்னவள் பின்னால் வந்தாள். பட்டறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஓரிடத்தில் அவள் சட்டென்று அவர் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். ஒரு சைக்கிள் மணியடித்தபடி உரசிக்கொண்டு போயிற்று. ஓட்டியவன் திரும்பிப் பார்த்து ஏதோ திட்டினான். அவள் பிடித்த பிடியை விடாமல் நடந்தாள். அவரும் விடுவித்துக்கொள்ளவில்லை.

பல் ஆஸ்பத்திரியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர் காத்திருந்தார்கள். பாதிப் பேர் அவருக்குத் தெரிந்தவர்கள், அவருடைய காதை நம்பி வண்டி வாங்கியவர்கள், விற்றவர்கள். யாரோ வணக்கம் வைத்தார்கள். அவர் நேராகப் போய் உள்ளறைக் கதவைத் தள்ளினார். டாக்டர் முகமூடியோடு ஒருவருடைய வாய்க்குள் குனிந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். முகமூடி அசைந்தது. என்ன கேட்டார் என்று தெரியவில்லை, உதடு தெரிந்தால்தானே.

இப்படி எத்தனை பேரிடம் தலையை ஆட்டிச் சமாளித்திருக்கிறார் அவர். இப்போதும் ஆட்டியிருக்கலாம்.

"அதை எடுத்துட்டுப் பேசுங்க டாக்டர்" என்றார், வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கும் குரலில். "எனக்குக் காது கேக்காது."

டாக்டர் முகமூடியைக் கீழே இழுத்தார். காதுக்காரர் துணியைப் பிரித்து, பள்ளம் விழுந்த தண்டை ஊசிகளும் இடுக்கிகளும் இருந்த தட்டின் மேல் வைத்தார்.

"வண்டி உங்க கையில இருக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு. நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. இப்ப பட்டறையில சொன்னது பொய்." வளைந்த புஷ் ராடுகளையும் எடுத்துத் தண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "என் தம்பிக்குக் கேட்டுச்சு டாக்டர். அவனுக்குக் கேட்டுச்சு."